சிவப்பு மை

சத்துவாச்சாரி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

"அவளுக்கு அது உடம்பிலேயே இருக்கிறது அப்பா, எனக்கு இல்லை" என்று நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன் அறைத்தோழி பளு தூக்க வந்து இரண்டு வருடம், நீ வந்து ஏழு வருடம். எரிச்சல் வரத்தான் செய்யும். சிலருக்கு உடல்வாகு கைகொடுக்கும், அதை நான் மறுக்கவில்லை. மனம் வைத்தால் எதுவும் முடியும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒருநாளும் ராடைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பரணை ஒழித்தபோது உன் பயிற்சி நோட்டுகள் கிடைத்தன. பத்தாம் வகுப்பு நோட்டில் தூக்கியதை நீல மையிலும் தவறியதைச் சிவப்பு மையிலும் எழுதியிருக்கிறாய். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவதைப் பற்றி ஒரு வரி: "ஸ்நாட்ச் 52. ராடு முன்னால் விழுந்தது. குதிகால் சீக்கிரம் எழும்பிவிட்டது." பக்கத்துக்கு நாலைந்து சிவப்பு வரிகள். போன தீபாவளிக்கு வந்தபோது விட்டுச்சென்ற நோட்டில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. ஒரு வருடம் முழுக்கத் தவறாமல் தூக்கினாயா, எழுதாமல் விட்டாயா? அம்மாவிடம் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

எங்கள் ராணிப்பேட்டை ஷெட்டில் தோலை மேசையில் விரித்ததும் உண்ணித் தழும்பும் கத்திக் கீறலும் எங்கே என்று பார்த்து வட்டம் போடுவோம். வெட்டுகிறவர் அதை ஒதுக்கித்தான் அச்சை வைப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிறைய வட்டம் போட்டால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று ஒரு தழும்பை நான் விட்டுவிட்டேன். அது ஷூவின் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

பளு தூக்கும் மீராபாய் சானு 2016 ரியோ ஒலிம்பிக்கில், தோளுக்குக் கொண்டுவந்து பிறகு தலைக்கு மேல் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளிலும் தவறி, மொத்த எடையே பதிவாகாமல் திரும்பினார். அடுத்த வருடம் உலகச் சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்நாட்சில் 87, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115, மொத்தம் 202 கிலோ, வெள்ளி. இடையில் அவர் வேறு உடம்பு வாங்கிக்கொண்டு வரவில்லை.

நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கினார். அடுத்த காமன்வெல்த், 2018 கோல்டு கோஸ்டில் தொடைக் காயத்தோடு 317. இரண்டும் தங்கம். ஊர் அந்தத் தங்கங்களைப் பேசுகிறது. எனக்கு அந்தக் குறைந்த 11 கிலோவின் மேல்தான் மரியாதை. காயத்தோடு தூக்கு என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. இன்றைக்கு உடம்பு எவ்வளவு தரும் என்று தெரிந்து எடை கேட்பதும் பயிற்சியில் வருவதுதான்.

பயிற்சி முடிந்த பிறகும் இரவில் தனியாகத் தூக்குவதாகச் சொன்னாய். அதை உழைப்பு என்று நினைக்காதே, அது உன் அறைத்தோழிமேல் உனக்கு இருக்கும் கோபம். முழங்கால் வலியைக் கோச்சிடம் சொன்னாயா? அதையும் சிவப்பில் எழுது.

கேழ்வரகு மாவும் இலவம்பாடிக் கத்திரிக்காய் வற்றலும் பார்சலில் வருகின்றன. பாட்டியாலா குளிரில் களி கிண்ட முடியாவிட்டால் கூழாகக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள் அம்மா.

இனி எத்தனை கிலோ என்று கேட்க மாட்டேன். எங்கே தவறியது என்று நீயே சொல். புதன்கிழமை எனக்கு இரவு ஷிப்ட், எட்டு மணிக்குள் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா