லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸுக்கு நாலாம் மாடியிலிருந்து ஒரு பதில்

எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர், ஏனைய உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன திங்கட்கிழமை லிஃப்டுக்குள் நீங்கள் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்தேன். "துர்நாற்றம் வீசும் விலங்கு உறுப்புகளை வீடுகளில் சமைக்க வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் போட்டிருக்கிறீர்கள். யாருடைய பெயரும் இல்லை. ஆனாலும் முதல் நாள் ஆட்டுக்குடல் சமைத்த வீடு எது என்று நாலாம் மாடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயர் போட்டிருந்தால் நேரே வந்து கதைத்திருப்பேன். போடாதபடியால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அன்றைக்கு நாற்றம் வந்தது உண்மை. பிழையும் என்னுடையதுதான். வெள்ளவத்தையில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் வேலைக்குப் புதிதாக வந்த பொடியன், "கழுவித்தான் இருக்கு அன்ரி, அப்படியே போடலாம்" என்றான். பகல் சாப்பாட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிற அவசரத்தில் நானும் நம்பினேன். குக்கர் முதல் விசில் அடித்தபோதே விஷயம் விளங்கிவிட்டது. ஜன்னல்களைத் திறந்தேன், சாம்பிராணி போட்டேன், சாம்பிராணியும் குடலும் சேர்ந்து இன்னும் மோசமானது. ஐந்தாம் மாடி ரீச்சரிடம் அன்று பின்னேரமே போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் ஒரு நாள் நான் விட்ட பிழைக்கு முழுக் கட்டடத்துக்கும் ஈரலும் குடலும் விலக்கு என்றால், அதை ஏற்றுக்கொள்ள முடியாது.

குடல் என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, கடையில் தருகிறதில் பெரும்பகுதி இரைப்பை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இரைப்பையில் நாலு அறை. ஒன்று குளிக்கிற துவாய் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், ஒன்று தேன்கூடு மாதிரி, இன்னொன்று புத்தகத் தாள் மாதிரி மடிப்பு மடிப்பாக. அரைகுறையாகச் செரித்த புல் ஒளிந்திருப்பது இந்த மடிப்புகளில்தான். நீங்கள் மூக்கைப் பொத்தியது அந்தப் புல்லுக்கு. அம்மா ஒவ்வொரு தாளாக விரித்து ஓடுகிற தண்ணீரில் பிடிப்பா. பிறகு வெந்நீர். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் உள்தோல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். கத்தியின் முதுகால் சுரண்டினால் கறுத்த தோல் பாசி மாதிரிக் கழன்று வரும், கீழே வெள்ளை தெரியும். கழலாத இடத்தில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொஞ்சம் தடவி வைத்தால் அதுவும் இளகும். சின்னக்குடலை ஈர்க்கால் குத்தி உள்புறம் வெளியே வரத் திருப்பி, உப்பும் மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிசைந்து கழுவ வேண்டும். அப்புறம் இஞ்சி போட்டு ஒரு கொதி. அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கறித்தூளுக்கு வேலை. இவ்வளவும் செய்த குடலைச் சமைத்தால் கதவு இடுக்கால் வெளியே போகிறது ரம்பை இலை மணமும் கறுவா மணமும்தான். இதே வீட்டில் பதினான்கு வருடமாக மாதத்தில் ஒரு நாளாவது குடல் சமைக்கிறேன். இவ்வளவு காலமும் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் என் குசினியில் மச்ச மாமிசம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இந்த நோட்டீஸில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். குழுவில் பாதிப் பேர் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். தீபாவளிக்குப் பங்கு இறைச்சி வாங்காத வீட்டுப் பிள்ளைகளா நீங்கள்? நாலு வீடு சேர்ந்து காசு போட்டு ஆடு வாங்கி, வேலிக்கரை மரத்துக்குக் கீழே பனையோலையை விரித்துப் பங்கு பிரிப்பார்கள். ஒவ்வொரு குவியலிலும் தொடையும் நெஞ்செலும்பும் இருக்கும், ஒரு துண்டு ஈரல் இருக்கும், குடலும் கொழுப்பும் இருக்கும். எனக்கு நல்ல இறைச்சி மட்டும் தா என்று கேட்க முடியாது. கேட்டால் மற்றவனுக்கு என்ன கொடுப்பது? இரத்தத்தைக்கூட உப்புப் போட்ட சட்டியில் பிடித்து, உறைந்ததும் அவித்து உதிர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுப்பார்கள். இரத்த வறைக்கு அடிபட்ட கதை உங்களில் ஒருவர் போன வருடம் பொதுக்கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது சொன்னதுதான். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

கொம்பனித் தெருவில் மலாய்க்காரர் குடலைப் பாபத் என்பார்கள். அவர்கள் ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்த சொல் அது. பிட்டும் பாபத்தும் என்றால் கொழும்பில் எத்தனையோ பேர் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள். பெரிய ஹோட்டலில் ஈரலை அரைத்துப் பாணில் தடவி, வாயில் நுழையாத பெயர் சொல்லித் தந்தால் அதற்கும் ஆள் உண்டு. வீட்டுக் குசினியில் வெந்தால்தான் அது "விலங்கு உறுப்பு" ஆகிவிடுகிறது.

31 வருடம் தாதியாக வேலை செய்தவள் என்றபடியால் ஈரலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் இரத்தசோகையால் கடதாசி மாதிரி வெளிறி இருக்கும் எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறேன். 100 கிராம் பச்சைக் கோழி ஈரலில் கிட்டத்தட்ட 9 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. அதே அளவு கோழி நெஞ்சிறைச்சியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. கீரையில் இருக்கும் இரும்பைவிட இறைச்சியிலும் ஈரலிலும் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் ஆளையே கொன்ற ஒரு வகை இரத்தசோகை இருந்தது. 1926இல் அமெரிக்காவில் மைனொட், மேர்பி என்ற இரண்டு வைத்தியர்கள் நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரல் சாப்பிடக் கொடுத்து எழுப்பிவிட்டார்கள். 1934இல் விப்பிள் என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த மருந்து வைட்டமின் பி12 என்பது 1948இல்தான் தெரிந்தது. கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குகிறவர்களும் ஆசைப்படக் கூடாது. தலைவர் ஐயா, இது உங்களுக்கும்தான்.

2022இன் பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டோமா? அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஆட்டிறைச்சியை நான் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்த காலம். குடல் மலிவு, ஆனால் வேக நேரம் எடுக்கும், காஸோ இல்லை. அதனால் நாலாம் மாடியில் மூன்று வீடு சேர்ந்து ஒரு சிலிண்டரில் ஒரே குக்கரில் சமைத்துப் பிரித்துக்கொண்டோம். கீழ் மாடியிலிருந்தும் ஒருவர் தூக்குச்சட்டியோடு வருவார். இப்போது குழுவில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், சட்டி நீல நிறம்.

சரி, உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. முதலாம் மாடியில் பாத்திரம் கழுவும் சிங் அடைத்தது குடல் கொழுப்பால்தான் என்று குழாய் வேலைக்கு வந்தவர் சொன்னாராம். இருக்கலாம். ஆட்டுக்கொழுப்பு சூட்டில் எண்ணெய் மாதிரி ஓடும், குழாய்க்குள் ஆறியதும் மெழுகாக இறுகும். நான் அதைப் பழைய பால்மா பைக்கற்றில் ஊற்றி, இறுகிய பிறகு குப்பையில் போடுகிறேன். மற்ற வீடுகளில் என்ன செய்கிறார்களோ தெரியாது. அதற்கு ஒரு விதி போடுங்கள், முதல் கையெழுத்து நான் வைக்கிறேன்.

ஆகவே நோட்டீஸை இப்படி மாற்றி எழுதும்படி கேட்கிறேன்: கொழுப்பையும் எண்ணெயையும் சிங்கில் ஊற்ற வேண்டாம். மீன், இறைச்சிக் கழிவுகளை இரண்டு பைகளில் கட்டி, குப்பை வண்டி வருகிற நாள் காலையில் மட்டும் கீழே வையுங்கள், முதல் நாள் இரவே வைத்துப் பூனைக்கு விருந்து கொடுக்க வேண்டாம். சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். இது நெத்தலிக் கருவாடு பொரிக்கிற வீட்டுக்கும் சேர்த்துத்தான். எதைச் சமைப்பது என்பது அந்தந்த வீட்டுக்காரரின் விருப்பம்.

அடுத்த கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை என்று அறிகிறேன். இந்தக் கடிதத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால் வருவேன். அதற்கு முன் பதில் எழுதுவதானால் லிஃப்டில் ஒட்ட வேண்டாம், என் கதவுக்குக் கீழே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நாலாம் மாடி, கடல் பக்க வீட்டுக்காரி