தமாவந்திலிருந்து யஸ்துக்கு

மதுரை,
ஆகஸ்ட் 14

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஊர் திரும்பி மூன்று வாரமாகியும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை என்பது எனக்கே உறுத்துகிறது. அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து நீ வர முடியாமல் போன ஈரான் பயணத்தை நான் மட்டும் போய்வந்துவிட்டு, அதைப் பற்றி உன்னிடமே பெருமையாக எழுதுவது முறையாகாது என்று தயங்கினேன். நேற்று மேலூரான் தொலைபேசியில் பேசும்போது, "அவன் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், உனக்கு என்ன வந்தது?" என்று கடிந்துகொண்டான். அத்தை கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறார் என்ற நல்ல செய்தியையும் அவன்தான் சொன்னான். தங்கச்சி கேட்ட குங்குமப்பூ பத்திரமாக இருக்கிறது.

உச்சியைப் பற்றி முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுவல்ல. தமாவந்த் 5,610 மீட்டர் உயரம். ஈரானின் மிக உயர்ந்த மலை, ஆசியாவின் மிக உயர்ந்த எரிமலை. நாங்கள் ஆறு பேர், உடன் இரண்டு வழிகாட்டிகள். முதலில் தெஹ்ரான் நகரத்தின் தலைமாட்டிலேயே நிற்கும் 3,964 மீட்டர் தோச்சால் சிகரத்தில் ஏறி இறங்கி, மூச்சைப் பழக்கிக்கொண்டோம். பிறகு போலூர் கிராமம்; அங்கிருந்து வண்டியில் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள கூஸ்ஃபந்த் சரா; அங்கே மூட்டைகளைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிவிட்டு, 4,200 மீட்டரில் இருக்கும் மூன்றாம் முகாமுக்கு நடந்தோம். இரண்டு இரவு அங்கே தங்கி, விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பினோம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இடுக்குகளிலிருந்து வரும் கந்தகப் புகை தொண்டையை அறுக்கிறது. துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஏறி, மேலே கால் மணி நேரம் நின்றுவிட்டு இறங்கினோம். அவ்வளவுதான்.

மூத்த வழிகாட்டி மலையடிவாரத்து ரீனே கிராமத்துக்காரர். நாங்கள் வேகமெடுக்கும்போதெல்லாம் "கம் கம்" என்பார். கொஞ்சம் கொஞ்சமாக என்று பொருள். நம் 'கம்மி'க்கு மூலமும் அந்தக் 'கம்'தான். எதிரே இறங்கி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "கஸ்தே நபாஷித்", அதாவது "களைத்துப்போகாமல் இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உழைத்துக்கொண்டிருக்கும் யாரைக் கண்டாலும் அந்த நாட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். நாள் முழுவதும் கண்மாய்க் கரையில் நின்றுவிட்டு நீ வீடு திரும்பும்போது யாராவது உன்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்களா?

இனி நான் சொல்ல வந்ததைக் கேள். பயண நிறுவனம் அனுப்பிய திட்டத்தில் ஊர்கள் முதலிலும் மலை கடைசியிலும் இருந்தன. நாங்கள் கேட்டுக்கொண்டதால் மாற்றினார்கள். அந்த ஒரு மாற்றம் இல்லாமல் போயிருந்தால், நான் மலையைத் தனியாகவும் மசூதிகளையும் அரண்மனைகளையும் தனியாகவும் பார்த்துவிட்டு வந்திருப்பேன். மலையிலிருந்து இறங்கிப் போனதால்தான், அந்த நாட்டின் ஊர்கள் எல்லாம் தண்ணீரின் கையெழுத்து என்பது எனக்கு விளங்கியது.

உயரம் கூடக் கூட மேற்கே லார் நீர்த்தேக்கம் தெரிந்தது. தெஹ்ரானுக்குக் குடிநீர் தரும் அணை அது. அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறை வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருப்பதால், கட்டிய நாள் முதல் பொறியாளர்களுக்குத் தீராத தலைவலி. வழிகாட்டி இதைச் சொன்னபோது, பொதுப்பணித்துறையில் முப்பது ஆண்டு கசிவோடு மல்லுக்கட்டிய உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும் ஹராஸ் ஆறு ஆமோல் பக்கத்து நெல்வயல்களுக்குப் பாய்ந்துவிட்டுக் காஸ்பியன் கடலில் கலக்கிறது. இந்தப் பக்கமோ பொட்டல். ஒரே மலைத்தொடர்தான் அங்கே பச்சையையும் இங்கே பாலையையும் பிரித்துவைக்கிறது.

காஷானில் ஃபின் தோட்டத்தைப் பார்த்தோம். எந்த எந்திரமும் இல்லாமல், ஊற்றுநீர் மேட்டிலிருந்து இறங்கும் அழுத்தத்தாலேயே அங்குள்ள நீரூற்றுகள் பீச்சியடிக்கின்றன. நீ வந்திருந்தால் அங்கிருந்து உன்னைக் கிளப்பியிருக்க முடியாது.

இஸ்பஹானில் நக்ஷ்-எ ஜஹான் சதுக்கத்தின் நீல ஓடுகளைப் பற்றி எழுத நினைத்தேன். ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. சாயந்தே ரூத் ஆற்றின் மேல், பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய முப்பத்துமூன்று வளைவுப் பாலம் நிற்கிறது. நாங்கள் போனபோது அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். 'சாயந்தே' என்றால் உயிர் தருவது என்று பொருளாம். கோரிப்பாளையத்தில் ஆல்பர்ட் விக்டர் பாலத்துச் சுவரில் கைகளை ஊன்றிக்கொண்டு, வைகையின் மணலைப் பார்த்தபடி நாம் பேசாமல் நின்ற மாலைகள் நினைவுக்கு வந்தன. ஆனால் இருட்டியதும் சற்றுத் தள்ளியுள்ள கஜூ பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் ஆண்கள் கூடி, ஒருவர் விட்டதிலிருந்து மற்றவர் எடுத்துப் பாடினார்கள். ஆறு இல்லாத பாலத்தின் அடியில் அந்தக் குரல்களைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது யஸ்த். மாப்பிள்ளை, இந்த ஊரை நான் உனக்காகவே பார்த்தேன். மழை என்பதே அரிதான அந்தப் பாலைநகரம் எத்தனையோ நூற்றாண்டுகள் 'கனாத்' என்னும் நிலத்தடிக் கால்வாயால்தான் வாழ்ந்தது. மலையடிவாரத்தில் முதலில் ஆழமான தாய்க்கிணற்றைத் தோண்டி நிலத்தடி நீரைத் தொடுகிறார்கள். அங்கிருந்து ஊர்வரை, வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் அடிகளை இணைத்து, கண்ணுக்குத் தெரியாத சரிவில் சுரங்கம் வெட்டுகிறார்கள். இறைக்க வேண்டியதில்லை, வெயிலில் ஆவியாவதும் இல்லை. ஸார்ச் கனாத்தின் நீளம் 70 கிலோமீட்டருக்கும் மேல். 2016-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பதினொரு கனாத்துகளில் அதுவும் ஒன்று. இதைத் தோண்டுகிறவர்களுக்கு 'முகன்னி' என்று பெயர். அவர்கள் வெள்ளை உடையில்தான் உள்ளே இறங்குவார்களாம். மண் சரிந்தால் அதுவே கோடித்துணியாகட்டும் என்று.

யஸ்தின் தண்ணீர் அருங்காட்சியகத்தில் ஒரு செம்புக் கிண்ணம் இருக்கிறது. அடியில் சிறு துளை. அதைத் தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். நிறைந்து மூழ்கினால் ஒரு கணக்கு. யாருடைய நிலத்துக்கு எத்தனை கிண்ணம் என்பதை 'மீராப்' என்னும் நீர் அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அது நம் நாழிகை வட்டில்தான்! மீராப் நம் நீர்ப்பாய்ச்சிதான்! யாரும் யாரிடமும் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் கம்மியான ஊரில் பங்கு நியாயமாக இருக்க வேண்டும் என்றால், மனிதனின் கை இந்தப் பாத்திரத்தைத்தான் செய்யும் போலிருக்கிறது.

ஆனால் கடைசியில் கேட்ட செய்திதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் கீழே இறங்கியதால் கனாத்துகள் ஒவ்வொன்றாக வறண்டு வருகின்றன. இப்போது யஸ்துக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள், எங்கிருந்து தெரியுமா? அந்தச் சாயந்தே ரூத் ஆற்றிலிருந்தே. அதனால் கொதித்துப்போன இஸ்பஹான் விவசாயிகள் 2013-இல் அந்தக் குழாயை உடைத்திருக்கிறார்கள். கிண்ணம் வைத்துப் பங்கு போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் குழாயை உடைக்கும் நிலை வந்துவிட்டது. ஊர்க் கண்மாயைச் சுற்றி எத்தனை போர்வெல் என்று நீ எண்ணிக் காட்டியபோது நான் அசிரத்தையாக இருந்தேன்; அதற்காக வருந்துகிறேன்.

அத்தை நன்றாக நடக்கத் தொடங்கியதும், அடுத்த ஜூனில் நாம் சேர்ந்து போக வேண்டும். உன் முழங்காலுக்கு உச்சி வேண்டாம். கூஸ்ஃபந்த் சராவரை வந்து, சிவந்த பாப்பிப் பூக்களைப் பார்த்துவிட்டு, கீழே லாரிஜான் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்கார். அங்கே நம் வங்கி அட்டைகள் செல்லாது. பணத்தைக் கையிலேயே கொண்டுபோக வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செம்புக் கிண்ணத்தின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தாத்தா முறைத்தண்ணீர்க் கணக்கு எழுதிய நீல அட்டை நோட்டு இன்னும் மச்சில் இருக்கிறதா? அதில் ஒரு மடைக்கு எத்தனை நாழிகை என்று எழுதியிருந்ததாக நினைவு. பார்த்து எழுது.

உன்,
மாப்பிள்ளை