இரண்டாம் தடவையும் மண்வெட்டி தூக்கி வந்தவர்களுக்கு

பர்மாவின் தட்டோன் உறவுகளுக்கும், அக்கம்பக்கத்து மோன், கரேன் இனச் சொந்தங்களுக்கும் வணக்கம். (அவர்களுக்கு இதை என் மகள் பர்மா பாஷையில் படித்துக் காட்டுவாள்.)

என் மலைச்சரிவில் படிப்படியாக மண் அடுக்கு கட்டி இரண்டாவது மழைக்காலமும் ஓய்ந்துவிட்டது. நேற்று மேட்டில் ஏறிப் பார்த்தேன். 12 அடுக்கும் அப்படியே நிற்கின்றன.

ரப்பர் முற்றிப்போய்விட்டது என்று வெட்டி விற்றது நான். வெறும் சரிவை அப்படியே போட்டு வைத்ததும் நான்தான். மோல்மேன் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற மழை, அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள். மேல்மண் முழுக்க இறங்கி, கீழே வெற்றிலைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்தது. தோட்டக்கார அண்ணன் சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். கூடையோடு வந்து, "உன் மண்ணை அள்ளிக்கிட்டுப் போ, நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றார்.

அப்புறம் நான் செய்த கூத்து எல்லோருக்கும் தெரியும். வயல் வெட்டிய கை அல்லவா, அடுக்கையும் நெல்வயல் மாதிரி மட்டமாக வெட்டி, வரப்பை உயர்த்தித் தண்ணீரைக் கட்டினேன். ஆடியில் மூன்றாவது அடுக்கு உடைந்து, கீழே இருந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு போனது. 2019 ஆகஸ்டில் பவுங் பக்கம் மலை சரிந்து 70 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்த ஊர் இது. அன்று ராத்திரி கீழ்வீடுகளில் ஒருவரும் தூங்கவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவுமில்லை.

முதல் தடவை உதவிக்கு ஆள் கிடைப்பது பெரிதில்லை. உடைத்தவனுக்காக மறுபடியும் வந்தீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

கொத்தனார் மாமா மூன்று மூங்கிலைக் கவட்டை போலக் கட்டி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூல் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். காலை மாற்றி மாற்றி வைத்து, சரிவின் குறுக்கே முளை அடித்துக்கொண்டே போனார். "தண்ணியக் கட்டாதே, வழி விடு மாப்பிள்ளை" என்று சொல்லி, அடுக்கின் தரையை மலைப்பக்கம் சற்றே சாய்த்து, ஓரத்தில் கல் பாவிய வாய்க்காலுக்கு வாட்டம் கொடுத்தார். அந்தக் கல் அத்தனையும் பர்மாப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறையில் தண்ணீர் விளையாடப் போகாமல் பையன்கள் சுமந்தது.

அம்மன் கோயில் பின்புறத்து வெட்டிவேரைத் தூரோடு பெயர்த்துக் கொடுத்தது பூக்கட்டும் அக்கா. அரைச் சாணுக்கு ஒரு நாற்று என்று வரப்பு விளிம்பில் வைத்தோம். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழே போகிறது. நன்றாகப் பிடித்தால் 3 மீட்டர் வரை இறங்குமாம். இப்போது வேலியின் மேல்பக்கம் ஒரு விரல் உயரத்துக்கு வண்டல் தேங்கியிருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன், கருப்பாக, ஈரமாக, உள்ளே ஒரு மண்புழு. கரேன் பெரியவர் கொடுத்த டுரியான் கன்றுகளில் இரண்டுதான் பட்டுப்போயின. நடுவில் அன்னாசி, ஓரமெல்லாம் தழை உரத்துக்குக் கிளைரிசிடியா மரம்.

சோறு பொங்கிப் போட்ட பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை நேரில் சொல்கிறேன். எழுதினால் யாராவது ஒருத்தர் விட்டுப்போய் எனக்குத்தான் ஆபத்து.

வெட்டிவேர் தூர் கட்டிவிட்டது. வேண்டியவர்கள் வைகாசிக்கு முன் வாருங்கள், பிரித்துத் தருகிறேன். மாமா, உங்கள் தூக்குக்குண்டு இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வருகிறேன்.