ஒரே போர்ட், பல இயங்குதளங்கள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

வணக்கம். எச்பி-யுஎக்ஸ், ஏஐஎக்ஸ் (இரண்டும் யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள்), விண்டோஸ், விஎம்வேர் சர்வர்கள் அனைத்தையும் புதிய ஸ்டோரேஜ் அரேக்கு (பல சர்வர்களுக்கு வட்டுகளை வழங்கும் சேமிப்புச் சாதனத்துக்கு) மாற்றும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். நானும் இப்போது இதே வகை வேலையில்தான் இருக்கிறேன். ஆகவே அரேயின் ஒரே போர்ட்டைப் பல இயங்குதளங்கள் பகிரும்போது அதன் அமைப்புகளை எப்படி வைப்பது என்று நீ கேட்டதற்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இணைப்பின் வேகம், ஃபேப்ரிக்கில் (சர்வர்களையும் அரேயையும் இணைக்கும் ஸ்விட்ச் வலையமைப்பில்) பாயின்ட்-டு-பாயின்ட் முறை ஆகியவை உனக்குத் தெரிந்தவையே. சிக்கல் வருவது, ஹோஸ்ட் (அரேயைப் பயன்படுத்தும் சர்வர்) 'நீ எந்த வட்டு?' என்று கேட்கும் இன்க்வயரி கட்டளைக்கு அரே என்ன பதில் தர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்புகளில்தான். ஒரே போர்ட்டைப் பல இயங்குதளங்கள் பகிரும்போது, ஒன்றுக்காகப் போர்ட் அளவில் வைத்த அமைப்பு மற்ற எல்லாவற்றையும் பாதிக்கும். ஆகவே போர்ட்டைப் பொதுவான நிலையில் விட்டுவிட்டு, வேறுபாடுகளை ஹோஸ்ட் அளவிலேயே வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஹிட்டாச்சி அரேயில் ஒரு போர்ட்டில் 255 ஹோஸ்ட் குரூப்கள் வரை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் இயங்குதளத்துக்கு ஏற்ற தனி ஹோஸ்ட் மோட் தரலாம். இஎம்சியின் விமேக்ஸ் அரேயில் போர்ட்டின் ஃபிளாக்கை (இயக்கவோ நிறுத்தவோ கூடிய அமைப்பை) இனிஷியேட்டர் குரூப் அளவில், அதாவது ஹோஸ்டின் இணைப்பு அட்டைகளின் தொகுதி அளவில், மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு எச்பி-யுஎக்ஸே நல்ல சான்று. அதன் பழைய முகவரி முறையில், வால்யூம் செட் அட்ரஸிங் என்ற போர்ட் அமைப்பு இல்லாவிட்டால் ஒரு டார்கெட்டின் (ஹோஸ்ட் காணும் அரே முகவரியின்) பின்னால் 8 லன்களுக்கு, அதாவது அரே காட்டும் 8 வட்டுகளுக்கு, மேல் தெரியாது; அதை இயக்கினால் 14 பிட் முகவரி, அதாவது 16384 லன்கள் வரை இடம் கிடைக்கும். ஆனால் அதையே போர்ட் முழுமைக்கும் இயக்கிவிட்டால், அங்கே இணைந்திருக்கும் லினக்ஸ் ஹோஸ்டில் லன் எண்கள் 16384க்கு மேல் தாவித் தெரியக்கூடும், அல்லது வட்டே தெரியாமல் போகலாம். 2007இல் வந்த எச்பி-யுஎக்ஸ் 11ஐ வி3 பதிப்பு, வட்டை அதன் உலகளாவிய அடையாளத்தைக் கொண்டு அறிகிறது என்றாலும், அரே தயாரிப்பாளரின் ஆதரவு அட்டவணையைப் பார்க்காமல் இந்த அமைப்பை நீக்கிவிடாதே.

விண்டோஸ் கிளஸ்டர் (ஒரே வட்டைப் பகிரும் சர்வர்களின் கூட்டம்) இருந்தால் பதிப்பைக் கேட்டுக்கொள். விண்டோஸ் சர்வர் 2003 வரை, ஒரு சர்வர் வட்டைத் தனக்கெனப் பிடித்து விடுவிக்கும் பழைய ரிசர்வ்-ரிலீஸ் முறை போதுமானதாக இருந்தது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் பெர்சிஸ்டென்ட் ரிசர்வேஷன் (நிலைத்திருக்கும் வட்டு முன்பதிவு) கட்டாயம் என்பதால், அதற்குரிய எஸ்பிசி (ஸ்கசி கட்டளைத் தரநிலை) அமைப்பு இல்லாத ஹோஸ்டில் கிளஸ்டர் சரிபார்ப்பே தேறாது.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, தரவு எழுதப்பட்ட பிறகு செய்யப்படும் மாற்றம். எஸ்பிசி-2 போன்ற ஃபிளாக்கை மாற்றினால், வட்டு தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாள எண்ணே மாறிவிடலாம். உள்ளே இருக்கும் தரவில் ஒரு பிட்கூட மாறியிருக்காது. ஆயினும் விஎம்வேர் தன் விஎம்எஃப்எஸ் கோப்பு முறைமையின் தலைப்பில் பதிந்திருக்கும் அடையாளத்தோடு ஒப்பிட்டு, இது வேறொரு வட்டின் நகல் என்று முடிவு செய்து, டேட்டாஸ்டோரை (மெய்நிகர் கணினிகளின் கோப்புகள் இருக்கும் இடத்தை) தானாக இணைக்க மறுக்கும். ஏஐஎக்ஸில் பழைய எச்டிஸ்க் (வட்டுக்கு அது தரும் சாதனப் பெயர்) டிஃபைண்ட் நிலையில், அதாவது பதிவில் மட்டும் இருந்து பயன்படாத நிலையில், தங்கிவிட, அதே வட்டுக்குப் புதிய எச்டிஸ்க் ஒன்று தோன்றும். நள்ளிரவில் இதைக் காணும் நிர்வாகி தரவு அழிந்துவிட்டதாகவே அஞ்சுவார். அந்த அச்சத்தில் வட்டை மறுபடி ஃபார்மட் செய்துவிடும் ஆபத்தும் உண்டு. எனவே இத்தகைய மாற்றம் தவிர்க்க முடியாததென்றால், அந்த ஹோஸ்டின் பயன்பாடுகளை நிறுத்தி, வால்யூம் குரூப்களை விடுவித்து, பாதைகளை நீக்கிவிட்டு, அதன் பிறகே மாற்றச் சொல். ஒரு பாதையில் பழைய பதிலும் மற்றொரு பாதையில் புதிய பதிலும் கிடைத்தால், பல பாதைகளை ஒரே வட்டாக இணைத்துக் காட்ட வேண்டிய மல்டிபாத் மென்பொருள் ஒரே வட்டை இரண்டாக எண்ணிக்கொள்ளும். ஆகவே ஒரு ஹோஸ்ட் பயன்படுத்தும் எல்லாப் போர்ட்களிலும் அமைப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

உன் எச்பி-யுஎக்ஸ் பதிப்புகளையும், எந்தெந்த ஹோஸ்ட்கள் எந்தப் போர்ட்களைப் பகிரப்போகின்றன என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. ஹோஸ்ட் குரூப் பட்டியலைச் சேர்ந்தே சரிபார்ப்போம். அதுவரை புதிய அரேயில் எந்த லன்னையும் ஹோஸ்டுக்குக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்