அந்தக் கோடு கரும்பலகையை நெருங்கிவிட்டது

எங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் தனி அலுவலர் அவர்களுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மகளைப் படிக்க வைத்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். பள்ளிக் கூரையைச் சரிசெய்யக் கேட்டு நாங்கள் தீர்மானம் போட்டு அனுப்பியது, பொறியாளர் வந்து அளந்து போட்டோ எடுத்துப் போனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்பறைக் கூரையிலிருந்து முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் சத்துணவுக்குப் போயிருந்த நேரம். அதனால்தான் இதை மடலாக எழுத முடிகிறது.

அந்த அறையின் தரையில் தலைமை ஆசிரியர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் உட்காரக் கூடாது. ஜூனில் பள்ளி திறந்தபோது அது ஜன்னல் ஓரமாக இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இப்போது கரும்பலகைக்கு ஆறடியில் நிற்கிறது. இருபத்திரண்டு பிள்ளைகள் அந்த ஆறடிக்குள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு எழுதுகிறார்கள். அறையைக் கூட்டினால் கோடு அழிந்துவிடும். மறுநாள் காலையில் மறுபடி போடுகிறார். என் மகள் வீட்டுத் திண்ணையிலும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு, "இதைத் தாண்டாதப்பா" என்கிறாள்.

எங்கள் ஊரில் பலர் பெங்களூருவில் கட்டட வேலை செய்கிறவர்கள். கூரையைப் பார்த்த கொத்தனார் ஒருவர் சொன்னார்: "தண்ணி இறங்கி, கம்பி துரு ஏறி உப்பிடுச்சு. அதுதான் காரையைத் தள்ளுது. கீழே பூசினா நிக்காது. மொதல்லயே மேல தட்டோட்டைச் சரி பண்ணியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

பள்ளி மானியத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். சாக்பீஸ், துடைப்பம், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான். கூரைக்கு அது எந்த மூலைக்கு? பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி என்று 2022-இல் அரசு அறிவித்தபோது சந்தோஷப்பட்டோம். ஆனால் வரிசையில் நாங்கள் எத்தனையாவது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கேட்டால், "நிதி வந்ததும் பார்க்கலாம்." நன்றாக இருந்த தெருவைப் பெயர்த்து பேவர் பிளாக் போட மட்டும் நிதி எப்படி வந்தது? நமக்கு நாமே திட்டத்துக்குப் போகலாம் என்றால் ஊர்ப் பங்கு கட்ட வேண்டும். கட்ட முடிந்த ஊர் முன்னால் போகிறது. கூலிக்கு வெளியூர் போகிற ஊர் பின்னாலேயே நிற்கிறது.

ஆகவே எங்கள் முக்கியக் கோரிக்கை ஒன்றுதான். ஒன்றியத்தில் எந்தப் பள்ளிக் கட்டடம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது, எது முதலில், எது அடுத்து, ஏன் என்று பட்டியல் எழுதி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். எங்களை விட மோசமான பள்ளி ஒன்று முன்னால் இருந்தால் மனதார ஒதுங்கி நிற்போம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்தீர்களே, அதைப் போல ஓர் உயிர் போன பிறகுதான் மறுபடி அளவு நாடாவோடு வர வேண்டுமா?

கவுன்சிலரிடம் போய் நிற்கலாம் என்றால், 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது கையெழுத்து உங்களுடையதுதான். கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பட்டியலைத் தயவுசெய்து ஒட்டுங்கள்.

அப்புறம், கூரை வேலை முடியும்வரை பள்ளிக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட உத்தரவிடுங்கள். சாவி உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
தர்மபுரி மாவட்டம்