கரியமில வாயுவிலிருந்து மெத்தனால்: ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

புகைபோக்கியில் வெளியேறும் கரியமில வாயுவைப் புதிய வினையூக்கி ஒன்று, எரிபொருளாகவும் பயன்படும் மெத்தனால் என்ற ஆல்கஹாலாக மாற்றிவிடும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. வேதியியல் சரிதான். ஆனால் வினையூக்கி வினையை விரைவுபடுத்துமே தவிர ஆற்றலைத் தராது. ஆற்றலைச் சுமந்துவருவது ஹைட்ரஜன். அதைப் பற்றி பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஒரு டன் மெத்தனாலுக்கு 1.375 டன் கரியமில வாயுவும் சுமார் 188 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். அந்த ஹைட்ரஜனை மின்னாற்பகுப்பில், அதாவது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்தால் கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் வீதம் ஏறக்குறைய 10,000 யூனிட் மின்சாரம் செலவாகும். கிடைக்கும் மெத்தனாலை எரித்தால் திரும்ப வருவது சுமார் 5,500 யூனிட் வெப்பம். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தாலோ, கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ கரியமில வாயு வெளியேறும்; 188 கிலோவுக்கு 1.7 டன். உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம்!

ஆலைகளில் பயன்படுவது செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா சேர்ந்த வினையூக்கி. 220 முதல் 270 டிகிரி செல்சியஸ், 50 முதல் 100 பார் அழுத்தம் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்). வெப்பத்தைக் கூட்டினால் வேகம் கூடும். ஆனால் மெத்தனாலுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு பெருகும். 250 டிகிரியில், 50 பாரில், ஒரு சுற்றில் மெத்தனாலாகவோ மோனாக்சைடாகவோ மாறுவது உள்ளே விட்ட கரியமில வாயுவில் கால் பங்கு அளவுதான். இது வினை முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலையான சமநிலை விதிக்கும் வரம்பு, எந்த வினையூக்கியாலும் இதைத் தாண்ட முடியாது. எனவே மெத்தனாலையும் தண்ணீரையும் குளிர்வித்துப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவை மறுபடி உலைக்கு அனுப்ப வேண்டும். அதில் நைட்ரஜன் கலந்திருந்தால் சுற்றுக்குள் சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது வெளியேற்றும்போது விலைமதிப்புள்ள ஹைட்ரஜனும் சேர்ந்தே போகிறது.

வினையூக்கியைக் கெடுப்பவை மூன்று. டன் மெத்தனாலுக்கு 560 கிலோ வீதம் உண்டாகும் தண்ணீர், சூட்டில் செம்புத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பரப்பைக் குறைத்துவிடும். இன்னொன்று கந்தகம், வாயுவில் அது பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். கந்தகத்தைப் பிடிக்க வாயு வரும் வழியில் துத்தநாக ஆக்சைடு படுகை வைத்தால் போதும் என்பார்கள். அது நன்றாகப் பிடிப்பது ஹைட்ரஜன் சல்பைடை. நிலக்கரிப் புகையில் இருப்பதோ சல்பர் டை ஆக்சைடு. அதை முன்பே காரக் கரைசலில் கழுவி எடுக்க வேண்டும். மூன்றாவதான குளோரினும் இதே அளவுக்கு ஆபத்து.

புது வினையூக்கியோடு உலையைத் தொடங்கும்போதும் அவசரம் கூடாது. நைட்ரஜனில் 1 முதல் 2 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து மெதுவாகச் சூடேற்றி, செம்பு ஆக்சைடை ஒடுக்க வேண்டும், அதாவது ஆக்சிஜனை நீக்கிச் செம்பாக்க வேண்டும். 300 டிகிரியைத் தாண்டிவிட்டால் புது வினையூக்கியே பாழ். ஒடுக்கிய செம்பு காற்றுப்பட்டால் கனன்று எரியும் என்பதால், உலையைத் திறக்குமுன் சிறிது சிறிதாகக் காற்றைக் காட்டிப் பதப்படுத்துவது வழக்கம்.

இது நடக்காத காரியம் அல்ல. ஐஸ்லாந்தில் 2012-இல் இயங்கத் தொடங்கிய ஜார்ஜ் ஓலா ஆலை, ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால் திறன் வரை வளர்ந்தது. புவிவெப்ப நிலையத்துக் கரியமில வாயுவும் நிலக்கரி கலக்காத மின்சாரமும் அங்கே ஒரே இடத்தில் கிடைத்தன.

இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது ஹைட்ரஜனின் மூலம், வாயுவின் தூய்மை, வினையூக்கி எத்தனை மணி நேரம் தாங்கியது ஆகிய மூன்றையும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறோம். சிலிண்டரில் வாங்கிய தூய வாயுவில் சில நாள் ஓடிய சோதனை, புகைபோக்கியைப் பற்றி எதுவும் சொல்லாது.

இப்படிக்கு,
வேதிப் பொறியாளர்கள் சிலர்