தகரக் கொல்லருக்கு ஒரு வகுப்பறை கொடுங்கள்

தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் எதைச் சொல்லித்தர வேண்டும், யார் சொல்லித்தர வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம்.

தகட்டு வேலைப் பிரிவில் கையால் செய்யும் தகர வேலைக்கான நேரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். படத்தைக் கணினியில் போட்டால் லேசர் வெட்டிக் கொடுக்கிறது, இயந்திரம் மடித்துக் கொடுக்கிறது, அப்புறம் எதற்குக் கத்தரியும் மரச்சுத்தியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். கூடவே ஒரு கோரிக்கையும் உண்டு. பொடி வைத்துப் பேசாமல் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்த, கையில் ஒரு சான்றிதழும் இல்லாத ஒருவரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக உட்கார வையுங்கள்.

நான் தகர வேலை கற்றது பள்ளியில் இல்லை. தகட்டு வேலையில் டிப்ளமோ வாங்கி, முப்பது வயதும் தாண்டிய பிறகு, ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். டிப்ளமோ இருக்கிற தைரியம் எனக்கு. அவர் ஒரு புனல் செய்யச் சொன்னார். வாய் 12 செ.மீ. அகலம், சாய்வு நீளமும் 12 செ.மீ. கூம்பின் சாய்வும் வாயும் ஒரே அளவாக இருந்தால், விரித்த தகடு சரியாக அரைவட்டமாக வரும். அந்தக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாய் விளிம்பில் 3 மி.மீ. கம்பியை வைத்துச் சுருட்ட வேண்டும். கம்பியின் தடிமனைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 7.5 மி.மீ., கூடுதலாக விட வேண்டும். விட்டேன். பக்கத்து ஓரங்களைக் கொக்கி மாதிரி எதிரெதிராக மடித்து ஒன்றில் ஒன்றை மாட்டித் தட்டுவதற்கு, மடிப்பின் அகலத்தைப் போல மூன்று மடங்கு. அதையும் விட்டேன்.

பெரியவர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பேசாமல் ஓரமாக வைத்துவிட்டார். மடிக்க வேண்டிய கோட்டை நான் இரும்பு ஊசியால் கீறியிருந்தேன்.

நாம் தகரம் என்று சொல்வது உண்மையில் இரும்புதான். மேலே வெள்ளீயம் பூசியிருக்கும், அவ்வளவே. இப்போது மின்முலாமாக வரும் தகரத்தில் அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. துத்தநாகம் பூசிய தகட்டில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயத்துக்கு அந்தத் தியாகப் புத்தி இல்லை. கீறிய இடத்தில் இரும்பு இன்னும் சீக்கிரமாகவே துருப்பிடிக்கும். அதனால் வெட்டும் கோட்டுக்கு ஊசி, மடிக்கும் கோட்டுக்குப் பென்சில். நான் படித்த புத்தகத்தில் இதுவும் இருந்திருக்கலாம். தேர்வில் வரவில்லை.

அடுத்தது பற்றவைப்பு. பற்றவைக்கும் கோலின் தாமிர முனையை அடுப்பில் வைத்துச் சூடாக்குவார். அதைச் சுற்றியுள்ள தீ பச்சையாக மாறும்போது எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் முனையில் பூசியிருக்கும் ஈயம் கருகி, மறுபடி நவச்சாரக் கட்டியில் தேய்த்துத் தேய்த்துப் பூச வேண்டியிருக்கும். அந்தப் பச்சை தெரிய வேண்டும் என்றுதான் அவருடைய அடுப்பு பட்டறையின் இருட்டு மூலையில் இருந்தது. நான் அதை வறுமை என்று நினைத்திருந்தேன்! முனையில் ஈயத்தை உருக்கி இணைப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். எல்லாம் முத்து முத்தாக உருண்டு ஓடின. “ஈயத்தைத் துரத்தாதப்பா. தகட்டைச் சூடாக்கு, அது தானா வரும்” என்றார். முனையைத் தகட்டின் மேல் படுக்க வைத்து மெதுவாக இழுத்தார். ஈயம் மடிப்புக்குள் விறுவிறுவென்று நுழைந்து மறுபக்கத்தில் வெள்ளிக் கோடாக வந்து நின்றது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327 டிகிரியில். பட்டறையில் பற்றவைக்கும் ஈயம் என்பது இந்த இரண்டின் கலவை. வெள்ளீயம் 63 பங்குக்குக் காரீயம் 37 பங்கு என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும், இரண்டுக்கும் கீழே. உலோகத்தைப் பற்றவைக்கும் இந்தக் கலவைக்குத் தமிழில் பற்றாசு என்று பழைய சொல் உண்டு. வெண்பாவில் இரண்டாம் அடியின் முன்பாதியையும் தனிச்சொல்லையும் ஒட்டவைக்க இடையில் ஓர் அசையோ இரண்டு அசையோ சேர்ப்பார்களே, அதற்கு இலக்கணக்காரர்கள் ஆசு என்று பேர் வைத்தது இதைப் பார்த்துத்தான். பட்டறையில் இருந்து பாட்டுக்குப் போன சொல் அது.

என் பதினோராவது புனல்தான் ஒழுகாமல் நின்றது. அடிவாயை விரலால் அடைத்து, தண்ணீர் ஊற்றி, இணைப்பின் மேல் உலர்ந்த காகிதத்தை வைத்துப் பார்ப்பார். பத்து முறை காகிதம் நனைந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே மாதிரி ஆயிரம் வேண்டும் என்றால் இயந்திரம்தான் சரி. தகரக்காரர்களும் இயந்திரத்துக்கு எதிரிகள் கிடையாது; விளிம்பு மடிக்கவும் கம்பி சுருட்டவும் கையால் சுற்றும் இயந்திரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பட்டறைக்குள் வந்துவிட்டன. ஆனால் பழைய விளக்கு ஒன்றுக்கு உடைந்த மூடி, வளைந்து திரும்பும் குழாய்க்கு ஒரே ஒரு இணைப்பு, நூறு வருடத்துக் கூரையின் ஓர் அலங்காரத் துண்டு, இதற்கெல்லாம் யாரும் அச்சு செய்து கொடுக்க மாட்டார்கள். இயந்திரத்துக்குப் படம் போடுகிற பிள்ளைக்கும், மடித்த தகடு கொஞ்சம் திரும்பி நிமிரும் என்பது கையில் பட்டிருந்தால்தான் அளவை எங்கே மாற்றுவது என்று புரியும்.

1810-இல் பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆரம்பத்தில் ஒவ்வொரு டப்பாவையும் கையால் வெட்டி, சுருட்டி, பற்றவைத்தவர்கள் தகரக் கொல்லர்கள். பிறகு அந்த டப்பாவையே இயந்திரம் செய்யத் தொடங்கியது. அதற்கப்புறம் பிளாஸ்டிக் வந்து புனல், வாளி, எண்ணெய்க் குவளை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அந்த வியாபாரம் திரும்பி வரும் என்று நான் கனவு காணவில்லை. வியாபாரம் போன வேகத்திலேயே தொழிலும் போக வேண்டுமா என்பதுதான் என் கவலை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி நிறுவனம் கண்காட்சிக்கு எங்கள் பெரியவரை அழைத்தது. பெயர் வேண்டாம். பந்தலில் உட்கார வைத்து நாள் முழுக்கத் தகரம் தட்டச் சொன்னார்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள். மாலையில் நினைவுப் பரிசு கொடுத்தார்கள். தங்க முலாம் நிறத்தில் இருந்தது, பிளாஸ்டிக். அவர் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதே நிறுவனத்துக்கு அவரை வாரத்தில் இரண்டு நாள் பாடம் எடுக்க அனுமதிக்கக் கேட்டு மனு கொடுத்தேன். ‘உரிய கல்வித் தகுதி இல்லை’ என்று ஒரு வரியில் திரும்பி வந்தது. அந்தத் தகுதி உரியபடி உள்ள எனக்குப் பத்துப் புனல் ஒழுகிய கதையை அந்த மனுவில் எழுதாமல் விட்டது என் தப்பு.

வேறு இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜப்பானில் 1950-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பொருளை மட்டுமல்லாமல் திறமையைக் கையில் வைத்திருக்கும் மனிதரையும் அங்கீகரிக்கிறார்கள். உலோக வேலையும் அதில் ஒரு பிரிவு. அவருக்கு ஆண்டுதோறும் பணம் போவது, அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தருவதற்காகவும்தான். பிரான்சில் 1994-இல் தொடங்கிய ‘மேத்ர் தார்’ (கலை ஆசான்) பட்டத்தோடு, ஒரு மாணவரை மூன்று ஆண்டு பக்கத்தில் வைத்துத் தொழிலைக் கைமாற்றும் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. பஞ்சாபில் ஜண்டியாலா குருவின் ததேராக்கள் பித்தளையும் தாமிரமும் தட்டிப் பாத்திரம் செய்யும் முறையை 2014-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் நல்லதுதான். ஆனால் பட்டியலில் இருக்கும் பெயர் யாருடைய மணிக்கட்டையும் பிடித்துத் திருத்தாது.

காணொளி எடுத்து வைத்திருக்கிறோமே என்பீர்கள். நானும் எடுத்திருக்கிறேன். அந்தப் பச்சைத் தீ என் காணொளியில் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிகிறது. வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் கிறீச்சென்று சத்தம் கேட்கும். காரீயம் அதிகம் கலந்திருந்தால் ஊமையாக வளையும். பெரியவர் வாங்கும் வெள்ளீயத்தை இப்படித்தான் சோதிப்பார். என் காணொளியில் அவர் ஒரு குச்சியை வளைக்கிறார், தலையாட்டுகிறார், அவ்வளவுதான்.

பழைய பட்டறையில் இருந்ததெல்லாம் உயர்வு என்றும் சொல்ல மாட்டேன். பற்றவைக்கும் இடத்தைச் சுத்தமாக்கத் தடவும் திரவத்துக்காக அமிலத்தில் துத்தநாகத்தைப் போட்டுக் கரைக்கும்போது கிளம்புவது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன். அதற்கு இரண்டடி தள்ளி அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். உணவுப் பாத்திரத்தில் காரீயம் கலந்த பற்றாசு கூடவே கூடாது. செம்பு சிறிதளவு கலந்த வெள்ளீயம் 227 டிகிரி வாக்கில் உருகும், அது போதும். காற்றோட்டம், கண்ணாடி, கையுறை இதையெல்லாம் உங்கள் பள்ளிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரிந்தது அவர் சொல்லித்தரட்டும், உங்களுக்குத் தெரிந்தது நீங்கள் சொல்லித்தாருங்கள்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஓர் அறை, அதில் இருட்டாக ஒரு மூலை. முதல் மூன்று மாதத்துக்கு லேசர் பக்கம் போகாத எட்டு மாணவர்கள். வகுப்பு எடுக்கிறவருக்கு மற்ற ஆசிரியர்களுக்குத் தருகிற அதே சம்பளம். ‘கௌரவ’ என்ற அடைமொழியும் பாதிச் சம்பளமும் வேண்டாம். தகுதி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று உங்கள் அலுவலகம் கேட்டால், ஒழுகாத புனல் ஒன்றைச் செய்து காட்டச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, காகிதம் வைத்துப் பார்க்கட்டும்.

எங்கள் பெரியவர் போன வருடம் காலமானார். அவருக்காக நான் இனி கேட்க முடியாது. அவரோடு வேலை செய்த இருவர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருக்கிறது, இன்னொருவர் கை இன்னும் நடுங்கவில்லை. பெரியவருடைய பட்டடை இரும்புகள் ஒன்பதும், இரண்டு மரச்சுத்தியும், தேய்ந்துபோன நவச்சாரக் கட்டியும் என்னிடம் இருக்கின்றன. மாதம் ஒரு முறை எண்ணெய் தடவி வைக்கிறேன். எந்த அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய பட்டறையில் பத்துப் புனலை ஒழுகவிட்டவன்